ஒன்பது வைக்கோல் தொப்பிகள்

நம்மில் பலருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாரிஸ் லா சப்பலில் ஐந்தாம் மாடிக்கு ஒரே மூச்சில் ஏறியவர்கள், இன்றைக்கு இரண்டாம் மாடிக்கே லிஃப்ட் எங்கே என்று கேட்கிறோம். சிரிக்க வேண்டாம். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் உங்களில் இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்தபடி படி ஏறியதை நானும் பார்த்தேன்.

எண்பதுகளில் நாமெல்லாம் பிள்ளைகளாக இருந்தோம் என்பதைவிட மொழிபெயர்ப்பாளர்களாக இருந்தோம் என்பதுதான் சரி. டொக்டர் சொன்னதை அம்மாவுக்கும், அம்மா சொன்னதை டொக்டருக்கும் சொல்ல ஆளுக்கொரு பிள்ளை தேவைப்பட்டது. எட்டு ஒன்பது வயதில் நம்மிடம் இருந்த அதிகாரம் பிறகு ஒருநாளும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு பொய் சொன்னேன். இத்தனை வருடம் கழித்து உங்களிடம் அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

எங்கள் வீடு ஐந்தாம் மாடியில் ஒன்றரை அறை. கழிப்பறை படிக்கட்டில், மூன்று குடும்பத்துக்குப் பொது. ரயில் போகும்போதெல்லாம் அம்மாவின் தேநீர்க் கோப்பைகள் தட்டில் கிலுகிலுக்கும். எங்களுக்கு மேலே, கூரைக்குக் கீழிருந்த சின்ன அறையில் ஓர் ஐரிஷ் பெண் இருந்தாள். பணக்கார வீடொன்றில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. நாங்கள் அவளை மேல்மாடி அக்கா என்போம். முகமெல்லாம் செம்புள்ளி. முதல்முறை கண்டபோது அம்மா அதைச் சொறி என்று நினைத்து மஞ்சள் அரைத்துக் கொடுக்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதே ஆள் கோயிலில் எங்களுக்கு முன் வாங்கில் முழந்தாளிட்டிருந்ததைப் பார்த்த பிறகு, அம்மாவுக்கு அவள் சொந்தக்காரியாகிவிட்டாள்.

"வெள்ளைக்காரி எண்டாலும் செபமாலை கையிலை வைச்சிருக்கிறாள்" என்று அப்பாவிடம் சொன்னாள். "அவையின்ரை ஊரும் எங்கடையைப்போலத் தீவாம்."

அந்தக் குளிர்காலத்தில்தான் சித்தப்பா எங்களோடு இருந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. ஐப்பசியில் மன்னாரிலிருந்து வந்து சேர்ந்தவர், மாசி வரைக்கும் படியிறங்கவில்லை. பாண் வாங்கக்கூடப் போகமாட்டார். திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி இருப்பார். யாராவது தட்டினால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். எனக்கு அவர் கிழவராகத் தெரிந்தார். இப்போது கணக்குப் பார்த்தால் இருபத்துமூன்று வயது.

அப்பாவுக்கு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற வேலை. பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வருகிற மனிதனுக்குக் கதிரையில் இருக்கிற தம்பியைக் கண்டால் பத்திக்கொண்டு வரும்.

"குளிருக்குப் பயந்தவன் ஏன் பிரான்சுக்கு வந்தவன்? வீட்டிலை செல்லம் குடுத்து வளத்தது, இப்ப சோம்பேறியா வந்து நிக்குது."

அம்மாவின் தீர்ப்பு வேறு. "சும்மா இருங்கோ. ஊரிலை ஆரையோ விட்டிட்டு வந்திருக்கிறான். அந்த முகத்தைப் பாத்தால் தெரியேல்லையோ?"

இரண்டு பேருமே பிழை. ஆனால் வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இரண்டு விதமாய்ச் சொன்னால், மூன்றாவது விதம் ஒன்று இருக்குமென்று யாருக்குத் தோன்றும்?

சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒரு கடிதம் குத்தியிருந்தது. அகதி விண்ணப்பத்துக்கான விசாரணை, மாசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. சித்தப்பா அங்கே போய், தனக்கு என்ன நடந்ததென்று வாய் திறந்து சொல்லவேண்டும். போகாவிட்டால், அல்லது போய் ஊமையாக இருந்தால், கார்த் என்கிற வதிவிட அட்டை கிடையாது; திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பா ஒவ்வொரு ஞாயிறும் அவரை இருத்தி ஒத்திகை பார்த்தார். சித்தப்பா ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு சொல்தான் சொன்னார்.

"பிடிச்சவங்கள். விட்டவங்கள்."

"இதைச் சொல்லவோடா இவ்வளவு தூரம் வந்தனி?" என்று அப்பா கத்துவார். அம்மா பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். நான் பாடக் கொப்பிக்குள் தலையைப் புதைத்துக்கொள்வேன்.

இப்படியிருக்கும்போதுதான் மேல்மாடி அக்காவின் கலியாணம் வந்தது. மாப்பிள்ளையும் அவளுடைய ஊர்க்காரர்தான், இங்கே கட்டட வேலை. விபூதிப் புதனுக்கு முன் முடித்துவிட வேண்டுமாம். தவக்காலத்தில் கலியாணம் இல்லை. தவறினால் அவர்களுடைய ஊரில் கேலி செய்தே கொன்றுவிடுவார்களாம். "எங்களுக்கும் அப்பிடித்தான்" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள், தவக்காலத்தைத் தானே கண்டுபிடித்த மாதிரி.

கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன், அக்காவின் தமையன் எங்கள் கதவைத் தட்டினார். சித்தப்பா வழக்கம்போல உள்ளறைக்குப் போனார். தமையன் ஆள் கதவளவு, சிவப்புத் தாடி. தோளில் ஒரு பெரிய வைக்கோல் கட்டு. எங்கேயோ ஒரு குதிரை லாயத்தில் கேட்டு வாங்கியிருந்தார். ஐந்து மாடிக்கும் வைக்கோல் சிந்தியிருந்தது. அதைக் கூட்டிக்கொண்டே, கட்டடத்தைப் பார்க்கிற கொன்சியேர்ஜ் மனிசி எங்கள் வாசல் வரைக்கும் வந்து, போர்த்துக்கீச மொழியில் நல்ல பேச்சுப் பேசிவிட்டுப் போனாள்.

தமையனுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வரும். மீதியைக் கையாலும் காலாலும் சொன்னார். அவர்களுடைய ஊரில் கலியாண வீட்டுக்கு அழைக்காத விருந்தாளிகள் வருவார்களாம். தலையிலிருந்து தோள் வரைக்கும் வைக்கோல் தொப்பி, முகம் தெரியாது. திடீரென்று உள்ளே வந்து, பெண்ணோடு ஆடி, வாழ்த்திவிட்டு, யாரென்று காட்டாமலே போய்விடுவார்கள். அப்படி வந்தால்தான் தம்பதிக்கு அதிர்ஷ்டம். ஒன்பது பேர் வரப்போகிறார்கள், தங்கச்சிக்குத் தெரியக்கூடாது, அதனால் வைக்கோலை உங்கள் கட்டிலுக்குக் கீழே வைக்கலாமா? யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் கேட்டார். அவர்கள் முறைப்படி உள்ளங்கையில் துப்பிக் கையை நீட்டினார். நானும் துப்பினேன். ஒன்பது வயதில் இதைவிடப் பெரிய சந்தோசம் ஒருவருக்கு வருமா?

அம்மாவிடம், "கலியாணச் சோடினைச் சாமான், கொஞ்ச நாள் இஞ்சை இருக்கட்டாம்" என்று மொழிபெயர்த்தேன்.

தமையன் நிலத்தில் இருந்து தொப்பி கட்டத் தொடங்கினார். வைக்கோலைத் திரித்துக் கயிறாக்கி, அதால் உச்சியைக் கூம்பாகக் கட்டவேண்டும். அவர் திரிக்கத் திரிக்க அது முறிந்தது. அறை முழுக்க வைக்கோல் வாசம், கொஞ்சம் குதிரை வாசமும். உள்ளறைக் கதவு மெல்லத் திறந்தது. சித்தப்பா வந்து, சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பிடி வைக்கோலை எடுத்துப்போய்த் தண்ணீர்க் குழாயில் நனைத்துக்கொண்டு வந்து திரித்தார். கயிறு பாம்பாக நீண்டது.

"வைக்கலை நனைக்காமல் புரி திரிச்சால் உடையுந்தானே. உது கூடத் தெரியாதோ இந்த மனிசனுக்கு?"

நாலு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு மூன்று நாளும் தமையன் வருவார், சித்தப்பா கட்டுவார். இருவருக்கும் பொது மொழி கிடையாது, தேவையும் இருக்கவில்லை. உச்சிக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து, மாட்டுக் கயிற்றுக்குப் போடுகிற இரட்டை முடிச்சுப் போட்டார். ஒன்பதிலும் அதே முடிச்சு. சாப்பாட்டிலும் இரண்டாம் முறை சோறு கேட்டார்.

"இது என்னத்துக்குப் பிள்ளை?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

கை துப்பிய சத்தியம் நினைவுக்கு வந்தது. "மண்டபத்திலை மேலை தொங்கவிட, சித்தப்பா. தோரணம் மாதிரி."

அவர் ஒன்றை உச்சியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "அப்ப உயரத்திலை கட்டவேணும். எல்லாம் ஒரே மட்டமா இருக்கவேணும். அவைக்குச் சொல்லு."

"ஓம், சொல்லுறன்."

அதே கிழமை பெண்ணின் தாய் ஊரிலிருந்து வந்து இறங்கினார். ஒல்லியான, நிமிர்ந்த மனிசி. எதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். கலியாணத்துக்கு முதல்நாள் குழந்தை யேசு சொரூபத்தை ஜன்னலுக்கு வெளியே, மழைக்குள் வைத்தார். அப்படி வைத்தால் மறுநாள் வெயில் எறிக்குமாம். அதை முற்றத்திலிருந்து கண்ட அம்மா, என்னையும் இழுத்துக்கொண்டு மேலே ஓடினாள்.

"குழந்தை யேசுவைக் குளிருக்குள்ளை விட்டிட்டு இவை உள்ளை இருந்து தேத்தண்ணி குடிக்கினம். கேள் பிள்ளை, ஏனெண்டு கேள்!"

நான் கேட்டேன். அக்கா பிரெஞ்சில் சொன்னாள், தாய் ஆங்கிலத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். அம்மா யோசித்தாள். கடைசியில் என் கழுத்திலிருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றிச் சொரூபத்துக்குச் சுற்றிவிட்டு இறங்கினாள். மறுநாள் நல்ல வெயில். பெண்ணின் தாய் அது சொரூபத்தின் புண்ணியம் என்றார். அம்மா சால்வையின் புண்ணியம் என்றாள். எனக்குத் தடிமன் பிடித்தது.

கலியாணத்தன்று நடக்காதென்று நினைத்தது நடந்தது. சித்தப்பா அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நான் கட்டினது எப்பிடித் தொங்குது எண்டு பாக்கவேணும்" என்றார்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவருடைய கையில் கிள்ளினாள். ஐந்து மாடியையும் சித்தப்பா சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். தெருவுக்கு வந்ததும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார். அவருடைய கை ஈரமாக இருந்தது. நான்தான் அவரைக் கூட்டிப்போகிறேன் என்று எனக்கு ஒரே பெருமையும் புளுகமுமாக இருந்தது.

பூசை முடிந்து, கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் விருந்து. வாசலில் பெண்ணின் தாய் ஒரு கிண்ணத்தோடு நின்று, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் உப்பும் ஓட்ஸ் மாவும் கலந்து மூன்று கரண்டி ஊட்டினார். கண்ணூறு படாமல் இருக்கவாம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களோ, அவைக்கும் கண்ணூறு இருக்கு" என்று அப்பாவைத் தட்டினாள். தாய் ஒரு சின்ன மணியும் கொடுத்தார்: சண்டை வந்தால் யாராவது ஒருவர் அடிக்கவேண்டும், அத்தோடு சண்டை முடிந்தது. "எங்கடை வீட்டிலை எண்டால் கோயில் மணிதான் கட்டவேணும்" என்றார் அப்பா. அவர் அன்றைக்கு நல்ல குசியில் இருந்தார். அம்மா பொரித்துக் கொண்டுபோன பற்றிஸை ஐரிஷ்காரர்கள் ஆளுக்கு நாலு சாப்பிட்டுவிட்டு, உறைப்பில் அழுதபடி பியர் குடித்தார்கள்.

சித்தப்பா மட்டும் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கலர்க் கடதாசிச் சங்கிலிதான் தொங்கியது.

"எங்கை பிள்ளை?"

"பொறுங்கோ சித்தப்பா, வரும்" என்று வாயைப் பொத்திச் சிரித்தேன்.

அக்கோர்டியன் ஒலித்துக்கொண்டிருந்தது. மண்டபத்துக் கதவில் தடியால் மூன்று தட்டு விழுந்தது. கதவு படாரென்று திறக்க, வெள்ளைச் சேட்டும் முகம் மூடிய வைக்கோலுமாக ஒன்பது பேர் வரிசையாக வந்தார்கள். ஐரிஷ்காரர்கள் கூச்சலிட்டுக் கை தட்டினார்கள். அக்கா துள்ளிக் குதித்தாள். நானும் குதித்தேன். முன்னால் வந்தவர் ஆட வருமாறு பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு கூட்டத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி ஆட அழைத்தார்.

சித்தப்பாவுக்கு முன் வந்து நின்றும் தலையை ஆட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா நிலத்தில் முழந்தாளிட்டிருந்தார். இரண்டு கைகளும் பிடரியில் கோத்திருந்தன. கண் மூடியிருந்தது. அவரும் விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள்.

"தம்பி!" அப்பாவின் குரல் அப்படி வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அவரும் முழந்தாளிட்டுத் தம்பியைக் கட்டிப்பிடித்தார். "தம்பி, இது கலியாண வீடடா. இஞ்சை ஆமி இல்லையடா. ஐயோ, எனக்குச் சொல்லியிருக்கலாமேடா."

அக்கோர்டியன் நின்றது. மணப்பெண் உடுப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். என்ன என்று கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"சொல்லு" என்றார் அப்பா. அவருக்குக் கண்ணீர் ஓடியது. "எங்கடை ஊரிலை ஆமி பெடியளை வரிசையிலை இருத்துவாங்கள். சாக்காலை முகம் மூடின ஒருத்தனைக் கொண்டு வருவாங்கள். தலையாட்டி எண்டு சொல்லுறது. அவன் ஆரைப் பாத்துத் தலையாட்டினாலும், அவனைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள். இவனையும் அப்பிடித்தான் கொண்டு போயிருக்கிறாங்கள். எனக்கு இப்பதான் விளங்குது."

நான் சொன்னேன். வாழ்க்கையில் எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன். அவ்வளவு கஷ்டப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். 'சாக்கு' என்பதற்கு எனக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தது. 'தலையாட்டி'க்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிக் காட்டினேன்.

அக்கா தன் ஆட்களைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். ஒன்பது பேரும் அசையாமல் நின்றார்கள். முகத்தைக் காட்டினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பது அவர்களுடைய சட்டம். அப்போது பெண்ணின் தாய், அந்தச் சட்டமெல்லாம் வைத்திருந்த மனிசி, நேரே நடந்து வந்தார். முன்னால் நின்றவரின் தொப்பியைத் தன் கையாலேயே தூக்கினார். சிவப்புத் தாடி. அவருடைய மகன்.

தமையன் குனிந்து தன் பெயரைச் சொன்னார். சித்தப்பா கண்ணைத் திறந்தார். இரண்டாவது ஆள் தொப்பியைக் கழற்றிப் பெயர் சொன்னார். செம்புள்ளி முகம், சின்னப் பெடியன். மூன்றாவது, நாலாவது. ஏழாவது ஆளைக் கண்டதும் அம்மா "அட!" என்றாள், எங்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவருகிற பிரெஞ்சுக்காரர். ஒன்பது பேரும் வேர்த்து வழிந்த முகத்தோடு, தலைமயிரில் வைக்கோல் ஒட்டியிருக்க, வரிசையாக நின்றார்கள்.

சித்தப்பா எழுந்தார். தமையனின் கையிலிருந்த தொப்பியை வாங்கி உச்சியைத் தடவினார்.

"இது என்ரை முடிச்சு" என்றார். பிறகு மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். என்னைத்தான் தேடினார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சின்னப் பெடியனின் தொப்பியில் நூல் கழன்றிருந்தது. அதை வாங்கி இறுக்கிக் கட்டினார். கட்டியதைத் தன் கையாலேயே அந்தப் பெடியனின் தலையில் போட்டுவிட்டு, ஆடுங்கோ என்று கை காட்டினார். அக்கோர்டியன் மறுபடி தொடங்கியது. அவர் ஆடவில்லை. ஆனால் கால் தாளம் போட்டதை நான் சேலை மடிப்புக்குள்ளால் பார்த்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு நடந்தோம். சகோதரர்கள் இருவரும் முன்னால் போனார்கள். சித்தப்பா பேசிக்கொண்டே போனார், அப்பா கேட்டுக்கொண்டே போனார். எங்கள் வாசலைத் தாண்டி, தெரு முடிவு வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனார்கள். எனக்கும் அம்மாவுக்கும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஒரு தரம் மட்டும் சித்தப்பா குரலை உயர்த்தினார்: "தலையாட்டினது ஆரெண்டு கடைசி வரைக்கும் தெரியேல்லை அண்ணை. அதுதான் விடுகுதில்லை."

வியாழக்கிழமை அவர் விசாரணைக்குப் போனார். அப்பா கூடப் போய் வெளியே காத்திருந்தார். இரண்டு மணித்தியாலம் சித்தப்பா பேசினாராம். கோடைக்கு முன் கார்த் வந்தது. அம்மா மறுபடியும் பற்றிஸ் சுட்டாள். அந்த வியாழனிலிருந்து அப்பாவிடம் ஒரு பழக்கம் வந்தது. வேலை முடிந்து வரும்போது மூன்றாம் மாடியிலிருந்தே "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டு ஏறுவார். சோம்பேறி என்ற சொல்லை அவர் வாயில் பிறகு நான் கேட்கவில்லை.

ஒன்பது தொப்பியில் ஒன்றைத் தமையன் எங்களுக்குத் தந்தார். அம்மா அதை அலுமாரிக்கு மேலே வைத்திருந்தாள். பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸுக்கு வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்துவிட்டது. அந்த ஒன்பது பேரும் முகம் காட்டியதால் மேல்மாடி அக்காவின் அதிர்ஷ்டம் போகுமென்று பயந்தவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: மூன்று பிள்ளை, ஏழு பேரப்பிள்ளை, அந்தச் சண்டை மணிக்கு அடித்து அடித்து நாக்குத் தேய்ந்துவிட்டதாம்.

என் கலியாணம் பாரிஸ் புறநகர் பொண்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சித்தப்பா அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க முன்கதவால் ஏறுகிற ஒவ்வொரு முகத்துக்கும் வணக்கம் சொல்கிற வேலை. விருந்து பாதியில், பெரிய கதவால் அவர் வந்தார். கமக்கட்டில் இடுக்கியபடி ஒரு வைக்கோல் தொப்பி, உச்சியில் சிவப்பு நூல். எல்லோரும் தன் முகத்தைப் பார்க்கும்வரை நடுவில் நின்றார். மண்டபத்திலிருந்த சின்னப் பிள்ளைகளைத் தேடி ஒவ்வொருவருக்கும் முகத்தைக் காட்டினார். பிறகுதான் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோணல்மாணலாக ஆடியபடி என்னிடம் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் இது என்ன கூத்து என்று பார்த்தார்கள்.

ஈர வைக்கோல் வாசம் வந்தது. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

"சித்தப்பா, அண்டைக்கு எனக்கு முதலே தெரியும். தோரணம் எண்டு உங்களுக்குப் பொய் சொன்னனான்."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றது வைக்கோல். "நீ உண்மை சொல்லியிருந்தால் நான் படியிறங்கியிருக்க மாட்டன், பிள்ளை."

பிறகு, ஆட வரச் சொல்லி, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.